ஒருசந்தி நாளில் ஊதிய பைகள்

மார்ச் 5, வியாழன்

விடியற்காலையில் பனி, எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. மோட்டார் ரிப்பேர். மாடி வீட்டில் இரண்டு குடம் வாங்கிக் குளியல். சிதம்பரத்தில் வாடகைக்கு இருந்தால் இதுவும் வாடகையோடு சேர்த்தி.

எண்டோஸ்கோபி ஏழு பேருக்கு. விசேஷம் ஒன்றுமில்லை.

ரா. (எங்கள் பிரிவின் தலைவர், வயிற்றுப் புற்று முகாம் திட்டத்துக்கும் அவரே தலைவர்) துண்டறிக்கைக்கு ஒரு பத்தி கேட்டார். பஞ்சாயத்து ஆட்களுக்குப் புரிகிற மாதிரி. எழுதிப் பார்த்தது:

“வயிற்றுப் புற்று ஆரம்பத்தில் பெரிதாக வலிக்காது. தாங்க முடியாமல் வரும்போது முற்றியிருக்கும். முன்னாலேயே பிடிக்க வேண்டுமானால் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். ஊரில் எல்லாருக்கும் அப்படிப் பார்க்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை. ஆகையால் முதலில் ஒரு பையில் ஊதச் சொல்வோம். வயிற்றில் ஒரு கிருமி இருக்கிறதா என்று அந்த மூச்சிலிருந்து தெரியும். அந்தக் கிருமி இருப்பவர்களுக்குப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அவர்களுக்கு மட்டும் குழாய்.”

ரா.வுக்குப் பிடித்தது. “குழாய்” என்பதை மட்டும் மாற்றச் சொன்னார், பயப்படுவார்களாம். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

நாளை கடலூர் செம்மண்டலத்தில் முகாம். எடுத்துப்போக: ஊதும் பைகள், ஊதுமுன் விழுங்கக் கொடுக்கும் மாத்திரை டப்பா, டம்ளர், பேனா நிறைய (திட்டக்குடியில் ஒன்று கூடத் திரும்பவில்லை), நர்ஸ் சித்ராவுக்குச் சாய்வு உள்ள நாற்காலி.

திட்டக்குடிப் பக்கம் ஜனவரியில் நடத்தியது நினைவிருக்கிறது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னோம். பாதிப்பேர் டீயும் பன்னும் முடித்துவிட்டு வந்தார்கள். திருப்பி அனுப்பினோம், திட்டிக்கொண்டே போனார்கள். அதற்குத்தான் இந்தத் தடவை என் யோசனை. செம்மண்டலத்து மாதா கோயில், தவக்கால வெள்ளிக்கிழமை. அன்று எங்கள் ஆட்கள் ஒருசந்தி. மதியம் ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவரை பச்சைத் தண்ணீர்தான். நாம் சொல்லாமலேயே வெறும் வயிறு. ரா. கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் ஒருசந்தி இருந்து வருடக்கணக்காகிறது. அது வேறு விஷயம்.

மார்ச் 6, வெள்ளி

ஆறு மணிக்குப் புறப்பட்டும் புவனகிரியில் லாரி குறுக்கே நின்று அரை மணி போனது. கோயில் வாசலில் அக்கா, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறாள். மாதர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. முகாமுக்கு இவ்வளவு கூட்டம் சேர்ந்தது அவளால்தான். ஒவ்வொரு வீடாகப் போயிருக்கிறாள்.

“டேய் அமல், எல்லாம் ரெடி. ஒருத்தியும் பச்சத் தண்ணியத் தவிர ஒண்ணும் தொடல.”

ஊதுவதற்கு ஒரே சிரிப்பு. பிலோமினா (தையல்காரி, பாட்டுக் குழுவில் முதல் குரல், வாயில் முதல் இடமும் அவருக்கே): “இன்னா டாக்டர், பைபாஸ்ல போலீஸ் ஊதச் சொல்ற மாதிரி சொல்றீங்க. நாங்க குடிச்சிட்டா வந்துருக்கோம்?” அவர் ஊதியதில் பை வெடிக்கும் போல உப்பியது. பாட்டுக்காரி மூச்சு.

சித்ரா எல்லாரிடமும் கேட்டாள்: மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? சர்க்கரை, பிரஷர் சொன்னார்கள். தைராய்டு இரண்டு பேர். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

அக்காவும் ஊதினாள். அப்பா போனது வயிற்றுப் புற்றில். ஆகவே எங்கள் இரண்டு பேரையும் விட்டுவைக்கக் கூடாது. நான் போன வருடமே பார்த்துக்கொண்டேன்.

ஒன்று ஆச்சரியம். திட்டக்குடியில் பத்து மணிக்கே எரியுது, மயக்கமா வருது என்று ஆளாளுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். இங்கே பன்னிரண்டு மணி வரை ஒருவர் முகம் சுளிக்கவில்லை. பக்திக்கு இவ்வளவு பலம் உண்டா என்று யோசித்தேன். ஃபாதரிடம் சொன்னேன், அவரும் பெருமையாகத் தலையாட்டினார்.

மதியம் எனக்கு மட்டும் பசி தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பரோட்டா.

மார்ச் 7, சனி

மோட்டார் சரியானது. செருப்பு அறுந்தது.

பைகள் எல்லாம் மெஷினில் பார்த்தாயிற்று. கிருமி அநேகமாக யாருக்கும் இல்லை. இருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். திட்டக்குடியில் இல்லாதவர்களைத்தான் விரல் விட்டு எண்ணினோம்.

மெஷின் கெட்டுவிட்டதோ என்று நானே ஊதிப் பார்த்தேன், எனக்கு இல்லை. சித்ராவும் ஊதினாள். அவளுக்கு இருக்கிறது. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. சித்ரா முகம் தொங்கிப்போயிற்று. மருந்து சாப்பிட்டால் போய்விடும் என்று சொன்னேன். “எனக்குத் தெரியாதா சார்” என்றாள், கோபமாக.

ரா. உற்சாகம். கடலோரம், மீன் உணவு, அதனால்தான் என்கிறார். கட்டுரைத் தலைப்பே சொல்லிவிட்டார். செம்மண்டலத்திலிருந்து கடலுக்குப் போய் யார் மீன் பிடிக்கிறார்கள்? அவர்களும் சந்தையில் பேரம் பேசித்தான் வாங்குகிறார்கள். சொல்லவில்லை.

சாயங்காலம் சித்ரா இல்லாதவர்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்பினாள்: கிருமி இல்லை, கவலை வேண்டாம்.

அக்கா போன்: “நம்ம கோயில்ல எல்லாரும் க்ளீனாமே! ஃபாதர் நாளைக்குப் பூசைல சொல்லப்போறாரு.”

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. வஞ்சிரம் வறுவல், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. மாமா புது டிவியின் ரிமோட்டைக் கையைவிட்டு இறக்கவில்லை. மின்சார ஆபீஸ் வேலையில் இருந்தவரை கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்ற பிறகு நாற்காலியைவிட்டு இறங்குவதில்லை.

அக்கா தட்டில் ஒரு கரண்டி சோறு. அதையும் ஓரமாக ஒதுக்கினாள்.

“ஞாயித்துக்கெழமைகூட ஒருசந்தியா?” என்றேன்.

“அவ தவக்காலம்னா அப்டிதான் மச்சான். வளையல்கூட லூசாயிடுச்சி பாருங்க,” என்றார் மாமா.

அப்போது வாசலில் ஒரு பெண். “மேரியக்கா, நேத்தோட தீந்துபோச்சி.” அக்கா எழுந்து போனாள். அலமாரியிலிருந்து ஒரு அட்டை மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் போய்விட்டாள்.

என்ன மாத்திரை என்று கேட்டேன்.

“கேஸ் மாத்திரைடா. சும்மா.”

யாருக்கு?

“எல்லாருக்குந்தான். ஒருசந்தின்னா வயிறு எரியாதா? போன வருசம் பூசையிலயே ரெண்டு பேரு உக்காந்துட்டாங்க. அதான் இந்த வருசம் சங்கத்துலேர்ந்து மொத்தமா வாங்கி, தவக்காலம் தொடங்குன சாம்பல் புதன்லேர்ந்து ஆளுக்குத் தினம் ஒண்ணு. காலைல எழுந்ததும் போட்டுகிட்டா மதியம் வரைக்கும் கல்லு மாதிரி இருக்கலாம். உன் முகாமுக்கும்தான் நல்லதாப் போச்சி. ஒருத்தியாவது மயக்கம்னு சொன்னாளா?”

சோற்றில் கையை வைத்தபடியே இருந்தேன். அந்த மாத்திரை வயிற்று அமிலத்தை அடக்கும். கிருமியையும் அடக்கும், கொல்லாது. அது ஒடுங்கிக் கிடக்கும்போது ஊதினால் பையில் ஒன்றும் தெரியாது. இரண்டு வாரம் அதை நிறுத்திவிட்டுத்தான் ஊத வேண்டும். எங்கள் மாணவர்களுக்கு நான் நடத்துகிற பாடம்.

“மருந்து சாப்பிடுறீங்களான்னு சித்ரா கேட்டாளேக்கா. ஏன் சொல்லல?”

“இது மருந்தா? மளிகைக் கடையிலயே தொங்குது.”

மாமா டிவி சத்தத்தைக் குறைத்தார். எதற்கு என்று தெரியாமல்.

பூசையில் ஃபாதர் அறிவித்துவிட்டாராம். எல்லாரும் கை தட்டினார்களாம்.

மார்ச் 9, திங்கள்

ரா.விடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு, “இத்தனை பேருமா?” பிறகு, “அடுத்த முகாமிலேர்ந்து சரி பண்ணிக்கலாம்.”

இவர்களுக்கு?

“நெகட்டிவ்னு சொல்லியாச்சு. பைக்கு என்ன விலைன்னு உனக்குத் தெரியும்.”

குரலை உயர்த்திவிட்டேன். கிருமி இல்லை, கவலை வேண்டாம் என்று நாம் எழுதி அனுப்பியிருக்கிறோம். அந்தச் செய்தியை நம்பி அடுத்த பத்து வருடம் ஒருத்தியும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டாள். முகாமே நடத்தாமல் இருந்திருந்தால் வலி வந்தாலாவது பயந்து ஓடி வருவாள். ஒன்றும் செய்யாததைவிடக் கெடுதல் செய்திருக்கிறோம். கட்டுரை எழுதுவதென்றால் இதை எழுதுங்கள்.

கடைசியில் சம்மதித்தார். மீன் தலைப்புக்காக வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மனைவி ஸ்டெல்லா திருச்சியிலிருந்து போன். மகளுக்கு நாளை வேதியியல் பரீட்சை. மகளிடமும் பேசினேன். அமிலம் பற்றி ஏதோ கேட்டாள். சரியாகச் சொன்னேன்.

மார்ச் 10, செவ்வாய்

கடலூர். சங்கத்துப் பெண்களைக் கோயில் மண்டபத்தில் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். இன்றே மாத்திரையை நிறுத்த வேண்டும், 27ஆம் தேதி திரும்ப ஊத வேண்டும். முதல் வாரம் முன்னைவிட எரியும், பிறகு அடங்கும். அதுவரை ஒருசந்தி வேண்டாம், ஃபாதரிடம் கேட்டுவிட்டேன், நோயாளிக்குக் கட்டாயமில்லை.

“நாங்க இன்னா நோயாளியா?” பிலோமினா. “போன வாரம் ஒண்ணுமில்லன்னீங்க. சாமி சந்நிதியில சொல்லியாச்சி. இந்த வாரம் ஒருசந்தியே வேணாங்கறீங்க. அடுத்த வாரம் இன்னா சொல்லுவீங்க?”

அவர் கேட்டது நியாயம்.

“பயமுறுத்தி ஆஸ்பத்திரிக்கு இழுக்கறாங்கடி,” பின்னால் யாரோ. பலரும் எழுந்துவிட்டார்கள். அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்துப் பார்த்தாள். சிலர் அவளுக்காக உட்கார்ந்தார்கள், தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை வெளிநோயாளிப் பிரிவில் தினம் பார்க்கிறேன். வாசல் தாண்டினால் தீர்ந்தது.

அக்கா மட்டும் அங்கேயே தன் மாத்திரை அட்டையைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். “நான் வாங்கிக் குடுத்து வந்த வினை. நானே மொதல்ல நிறுத்தறேன்.”

திரும்பும் வழியில் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. வெள்ளாறு வறண்டு கிடக்கிறது.

மார்ச் 12, வியாழன்

மங்கலம்பேட்டையில் அடுத்த முகாமுக்கு முன்னேற்பாடு. இந்தத் தடவை வேறு விதம். மருந்துக் கடையில், மளிகைக் கடையில், பெட்டிக் கடையில் கிடைக்கிற வயிற்று மாத்திரை, பொடி, சிரப் எல்லாம் ஒவ்வொன்று வாங்கி ஒரு அட்டையில் ஒட்டினோம். மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற கேள்வியை எடுத்தாயிற்று. அட்டையை நீட்டி, இதில் எது உங்கள் வீட்டில் இருக்கிறது என்று மட்டும் கேட்க வேண்டும்.

சித்ராவின் யோசனை பாதி, என்னுடையது பாதி. வெறும் அட்டை. இதற்கு இரண்டு வருடம், இத்தனை மீட்டிங், ஏசி ஹாலில் பிஸ்கட்.

ஜமாத் கட்டடத்தில் சோதித்துப் பார்த்தோம். ஒரு பாய், வயது அறுபது இருக்கும், அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “அட, இந்தப் பச்சை அட்டையா? நோம்பு மாசம் பூரா விடியுமுன்ன சஹர் சாப்பாட்டோட ரெண்டு போடுவேன் சார். வீட்ல எல்லாரும்தான்.”

சித்ரா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இந்த நோன்பு மாதம் முடிவதற்குள்தான் முகாமை வைத்திருந்தோம், வெறும் வயிறு சுலபமாகக் கிடைக்குமே என்று. என் மூளையே மூளை. ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிப் போட்டாயிற்று.

மார்ச் 14, சனி

செருப்பு தைக்கக் கொடுத்தது மறந்தே போனது. கொசு.

மாதர் சங்கத்தில் யார் யார் நிறுத்தினார்கள் என்று அக்கா போனில் சொன்னாள். கொஞ்சம் பேர்தான். நிறுத்தியவர்களுக்கும் எரிச்சல், ஆனால் தாங்குகிறார்களாம். மோர் குடிக்கிறார்கள், இளநீர் குடிக்கிறார்கள், என்னைத் திட்டுகிறார்கள்.

உனக்கு?

“இருக்கு. எரியல எனக்கு. குத்துது.”

எங்கே?

“தொப்புளுக்கு மேல. முதுகு வரைக்கும் போவுது. மாத்திரை போட்டப்ப இல்ல. நிறுத்தின மூணா நாள்லேர்ந்து.”

நிறுத்தினால் அமிலம் துள்ளும், அதுவாக இருக்கும் என்றேன். எல்லாருக்கும் சொன்ன அதே பதில். போனை வைத்த பிறகுதான் லூசான வளையல் நினைவுக்கு வந்தது.

மார்ச் 15, ஞாயிறு

ஒன்றும் இருக்காது. மெலிவதற்குத் தவக்காலம் காரணம். குத்துவதற்கு அமிலம் காரணம். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு, அப்பாவுக்கு வந்தது அறுபத்தொன்றில்.

காலையிலேயே மாமாவுக்குப் போன் செய்து நாளை அழைத்துவரச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

யார் பார்ப்பது என்று ரா.விடம் கேட்டேன். “நீ வேண்டாம், நான் பார்க்கிறேன்” என்றார். அக்கா கேட்கவில்லை. “எவனோ ஒருத்தன் என் வாய்க்குள்ள எதையாவது வுடறதுக்கு என் தம்பியே வுடட்டும்.” ரா.வை வைத்துக்கொண்டே சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றார், கடைசி வரை.

முன்னால் கோழை கரைவதற்கு மருந்து கலந்த தண்ணீர். பல இடங்களில் கொடுப்பதில்லை, நேரம் இல்லை என்பார்கள். கோழை மூடியிருந்தால் சின்னது எதுவும் தெரியாது. தொண்டையில் மரத்துப்போக மருந்து. என் கையை இறுக்கிப் பிடித்தாள், நான் விடுவித்துக்கொள்ள வேண்டியிருந்தது, கை எனக்கு வேண்டும்.

அவசரப்படாமல் ஒவ்வொரு இடமாகப் படம் எடுத்துக்கொண்டே வந்தேன். மேல் பகுதி சுத்தம். உடல் பகுதி சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். கீழே திரும்புகிற வளைவில், கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு இடம். லேசான பள்ளம், நிறம் கொஞ்சம் வெளிறியது. நடுவில் சிறிய புண், அண்மையில் திறந்தது. சுற்றி மடிப்புகள் அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகின்றன, நல்ல அறிகுறி இல்லை.

பரிசோதனைக்கு ஆறு துண்டு எடுத்தோம்.

மாத்திரை தொடர்ந்திருந்தால் அந்தப் புண் மூடியே இருந்திருக்கும். வலி இருந்திருக்காது. அவள் வந்திருக்க மாட்டாள். எங்கள் செய்தி வேறு அவள் போனில்.

எழுந்ததும் முதல் கேள்வி: “என்னாச்சி?” ஒரு புண், துண்டு எடுத்திருக்கிறோம், வெள்ளிக்கிழமை தெரியும் என்றேன். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். வேலையில் பழகியது.

மார்ச் 17, செவ்வாய்

எண்டோ. ஒன்பது. சாதாரணம்.

மார்ச் 18, புதன்

மகள் பரீட்சை முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறாளாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதி வைக்கலாம் என்று எழுதினேன். இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்.

மார்ச் 20, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. புற்றுதான். ஆனால் வயிற்றின் உள்படலத்தோடு நிற்கிறது என்று தோன்றுகிறது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. குழாய் வழியாகவே அந்த இடத்தை உரித்து எடுத்துவிடலாம், புதுச்சேரியில் செய்கிறார்கள். எடுத்த பிறகு ஆழம் பார்த்து மற்றது.

லேப் ஆளிடம் ஸ்லைடை வாங்கி நானும் பார்த்தேன். அவர் சொன்னது சரி. சரியாக இருக்கக் கூடாது என்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது அப்படியேதான் இருந்தது.

மார்ச் 21, சனி

கடலூர். மாமாவை டிவியை அணைக்கச் சொன்னேன். சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

மாமா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார், தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, வெகு நேரம்.

அக்கா கேட்டது: “அப்பாவுக்கு வந்ததா?”

அதேதான். அப்பாவுக்கு நாம் பார்த்தபோது கல்லீரல் வரை போயிருந்தது. உனக்கு நகம் அளவு.

“எடுத்துடலாமில்ல?”

எடுத்துடலாம். 30ஆம் தேதி கேட்டு வாங்கியிருக்கிறேன்.

கொஞ்சம் அழுதாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். “அந்த மாத்திரைய அவ்ளோ பேருக்கும் நான்தானடா குடுத்தேன்.”

நாளும் இடமும் குறித்தவன் நான். மருந்து என்றால் எது என்று கேட்கத் தெரியாதவனும் நான்தான். அதைச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

கிளம்பும்போது அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்: இது உன் விஷயம், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, நாங்களும் யாருக்கும் சொல்ல மாட்டோம்.

மார்ச் 27, வெள்ளி

திரும்ப ஊதும் நாள். வெயில் மண்டை பிளக்கிறது. வந்தவர்கள் மண்டபத்தின் ஒரு பெஞ்சில் அடங்கிவிட்டார்கள். அவர்களிலேயே பாதிப்பேருக்குக் கிருமி இருந்தாலும் வியக்க மாட்டேன். மற்றவர்கள் வரவில்லை, நிறுத்தவும் இல்லை. சித்ரா போன் செய்து செய்து ஓய்ந்தாள். “எங்களுக்கு ஒண்ணுமில்லன்னு மெசேஜ் இருக்கு” என்று அவளுடைய செய்தியையே அவளிடம் படித்துக் காட்டினார்களாம்.

மத்தியானமே மூட்டை கட்டியிருப்போம். அக்கா இருக்கச் சொன்னாள், சாயங்காலம் சிலுவைப் பாதை ஜெபத்துக்கு எல்லாரும் வருவார்கள், கேட்டுப் பார்க்கலாம் என்று.

வந்தார்கள். பதினாலு தலத்து ஜெபமும் முடிந்து, கடைசிப் பாட்டு முடிந்து, செருப்பைத் தேடும் நேரம். அக்கா பீடத்துக்குக் கீழே போய் நின்றாள். மைக் இல்லை.

“எனக்கு வயித்துல கேன்சர் வந்துருக்கு.”

எழுந்து அவளிடம் போனேன். அக்கா, வேண்டாம், என்றேன், மெதுவாக. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “என் வயிறு. நான் சொல்றேன், நீ போ.”

பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது.

“எனக்கும் ஒண்ணுமில்லன்னு மெசேஜ் வந்துச்சி. உங்களுக்கு வந்த அதே மெசேஜ். நான் குடுத்த மாத்திரை அதை மூடி வெச்சிருந்துச்சி. நிறுத்தினேன், வலிச்சிது, தெரிஞ்சிது. திங்கக்கெழம எடுக்கறாங்க. நிறுத்தாம இருந்தா அடுத்த தவக்காலத்துக்கு நான் இருந்துருக்க மாட்டேன். நான் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறேன். அவ்ளோதான்.”

பிலோமினா முன் வரிசையிலிருந்து எழுந்தார். ஏதாவது சொல்லப்போகிறார் என்று பயந்தேன். அக்காவிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பாட்டுக் குழுவில் அவர் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

வெளியே வந்து வண்டியில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவரே வந்தார். கண் சிவந்திருந்தது. “டாக்டர், இன்னிலேர்ந்து நிறுத்தறேன். எப்ப ஊதணும்?”

ஈஸ்டருக்கு அடுத்த வாரம், என்றேன். அவர் பின்னால் வரிசை. சித்ரா திரும்ப நாற்காலியை இறக்கினாள்.

மார்ச் 30, திங்கள். புதுச்சேரி

ஏழரைக்கு உள்ளே எடுத்துப் போனார்கள். கதவு மூடியாயிற்று. இத்தனை வருட வேலையில் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததில்லை. பெஞ்சு இரும்பு, முதுகு வலிக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியிலும் இதே பெஞ்சுதான் போட்டிருக்கிறோம்.

மாமா ஜெபமாலையை உருட்டுகிறார். நடுநடுவே, “இவ்ளோ நேரமாவுமா மச்சான்?” ஆகும் மாமா. எவ்வளவு நேரம் ஆனாலும் அவரிடம் அதே பதில் சொல்கிறேன். உள்ளே என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அடியில் திரவம் ஏற்றி உயர்த்துவது, சுற்றி வெட்டுவது, உரிப்பது. ஓட்டை விழக்கூடும் என்பதும் தெரியும். தெரியாத மாமா பரவாயில்லை.

டீ வாங்கி வந்தேன். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

பத்தேகால். கதவு திறந்தது. “மேரி கூட வந்தவுங்க?” எழுந்தோம். அந்த டாக்டர் என்னைவிட இளையவர், முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசினார். பொறுமையாக, விவரமாக. நான் தலையாட்டினேன். அவர் உள்ளே போய்விட்டார்.

மாமா என் சட்டையைப் பிடித்தார். “என்ன மச்சான் சொன்னாரு?”

தெரியவில்லை. ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை. அவர் வாய் அசைந்தது மட்டும் நினைவிருக்கிறது.

போய்க் கதவைத் தட்டினேன். ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, பிறகு வாங்க என்றாள். நகரவில்லை. டாக்டரே திரும்ப வந்தார். “சார், இன்னொரு தடவ சொல்லுங்க. நான் பேஷண்டோட தம்பி.”

அவர் முதலிலிருந்து சொன்னார். ஒரே துண்டாக வந்துவிட்டது. ரத்தம் இல்லை, ஓட்டை இல்லை. இந்தத் தடவை காதில் விழுந்தது.